அந்தோனி அந்த இயர்போனை மாற்றவில்லை

இதை எழுத நாலைந்து வருடமாகத் தயங்கினேன். வெட்கம் ஒரு காரணம். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன் எழுதினால் பிழை வருமே என்ற பயம் இன்னொரு காரணம். கடைசியில் என் மனைவி ரினோஸா, "நீங்க எழுதாட்டி நான் எழுதிருவேன், என்ட கையெழுத்து அழகும்தான்" என்றாள். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறேன். இயர்போன் விற்கும் தம்பி தங்கைகளுக்கு இது தொழிலுக்கு உதவும். மற்றவர்களுக்கும் ஏதாவது ஒரு விதத்தில் உதவினால் அல்லாஹ்வுக்கே புகழ்.

1. என் கவுண்டர்

மாத்தளை டவுனில் ஒரு ஹாஜியாருடைய எலக்ட்ரோனிக் கடை. அங்கே இயர்போன் கவுண்டர் என் பொறுப்பு. பெட்டிக்கடையில் தொங்கும் இயர்போனைச் சொல்லவில்லை. காதுத் துளைக்கு உள்ளே போகும் விலை உயர்ந்த இன்-இயர். ஒரு மாதச் சம்பளத்தை வைத்து ஒரு சோடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சர்ச்சில் கீபோர்ட் வாசிப்பவர், கட்டாரிலிருந்து லீவில் வந்தவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்பவர் என்று பலரும் வருவார்கள்.

இந்தச் சாமானில் பாதியைத்தான் கம்பெனி செய்கிறது. மீதிப் பாதி காது. முனையில் மாட்டும் சின்ன ரப்பரை டிப் என்போம். அந்த டிப் காற்றுப் போகாமல் காதுத் துளையை அடைக்க வேண்டும். அந்த அடைப்புக்கு சீல் என்று பெயர். சீல் இல்லாவிட்டால் பேஸ் என்ற கனத்த சத்தம் முழுவதும் வெளியே போய்விடும், தகர டப்பாவுக்குள் யாரோ பாடுவது மாதிரி இருக்கும். டிப் அளவுக்கு மேல் பெரிதானால் சீல் வரும், ஆனால் அரை மணித்தியாலத்தில் காது வலிக்கும். ஒரே ஆளுக்கு இடது காது ஒரு அளவு, வலது காது இன்னொரு அளவு இருப்பதும் உண்டு. அதனால் மூன்று அளவையும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒரு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, மற்றக் கையால் இயர்போனை உள்ளே விட்டு, கொஞ்சம் பின்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு வெறும் வாயை மென்று பார்க்க வேண்டும். மெல்லும்போது கழன்றால் அது உங்கள் அளவு இல்லை.

ஸ்பொன்ஞ் டிப் என்று ஒன்று இருக்கிறது. விரலால் உருட்டி ஒல்லியாக்கி உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாரும் அவசரப்பட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். நான் எங்கள் ஆட்களிடம், "நபி மேல பத்து ஸலவாத் ஓதிட்டு கைய எடுங்க" என்பேன். மூன்றடி தள்ளி ரிப்பேர் மேசையில் இருக்கும் அந்தோனி, சர்ச் ஆட்கள் வந்தால், "ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம். பாதிய முழுங்கிறாதீங்க, முழுசா சொல்லணும்" என்பான். மாரியம்மன் கோயில் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஐயா, "அப்ப நாங்க எத்தன சொல்றது?" என்று கேட்டார். அந்தோனி யோசிக்கவே இல்லை. "அம்மா பேர பத்து தடவ சொல்லுங்கய்யா. நூத்தியெட்டு சொன்னீங்கன்னா காதோட ஒட்டிக்கும்."

அந்தோனி உக்குவளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை. என்னைவிட ஆறு வயது இளையவன். கேபிள் அறுந்தால் முடி மாதிரி உள்ள கம்பியைச் சேர்த்து ஈயம் வைப்பான், வைத்த இடம் தெரியாது. ஈயம் வைக்கும்போது சர்ச் பாட்டை மெதுவாக முனகுவான். அவன் லாம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மாதா படம். என் கவுண்டருக்கு மேலே காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸி வசனம். ஹாஜியார் வருகிறவர்களிடம், "ரெண்டு பக்கமும் காவல் ஈக்கி, எனக்கு கெமரா என்னத்துக்கு?" என்று சிரிப்பார். பன்னிரண்டு வருடம் அப்படி இருந்தோம்.

2. அத்தர் பஞ்சு

எங்கள் பாஷையில் நானா என்றால் அண்ணன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஒரு வயதான நானா கோபமாக வந்தார். முதல் நாள் வாங்கிய இன்-இயரில் இடது பக்கம் செத்துப்போய்விட்டதாம். அந்தோனி வாங்கித் துடைத்து, மீட்டர் வைத்து, தன் காதில் போட்டும் பார்த்தான். நன்றாக இருந்தது. அவர் காதில் போட்டால் சத்தம் இல்லை. அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. அந்தோனி கிட்டப் போய் முகர்ந்தான்.

"நானா, மல்லிகப்பூ வாசம் வருதே?"

எங்கள் ஆட்கள் ஜும்ஆவுக்குப் போகும்போது அத்தர் தொட்ட பஞ்சைக் காது மடிப்பில் வைப்பது வழக்கம். அந்தப் பஞ்சு உள்ளே நழுவியிருந்தது. இயர்போனைப் போட்டபோது அது இன்னும் உள்ளே தள்ளுப்பட்டிருக்கிறது. அந்தோனி டுவீசரால் மெல்ல எடுத்தான்.

"சாமான் சாகல நானா. அதுவும் ஒங்களோட ஜும்ஆவுக்கு போயிருந்திச்சு."

முதலில் சிரித்தவர் அந்த நானாதான். அன்று அந்தோனி என்னிடம், "மொதல்ல காத பாக்கணும் நானா. சாமான பொறவு பாக்கலாம்" என்றான். தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

3. ஆலிமா வந்தார்

உக்குவளையிலிருந்து மார்க்கக் கல்வி முடித்த ஒரு ஆலிமா தன் உம்மாவோடு வந்தார். பெயர் வேண்டாம், ஆலிமா என்றே சொல்கிறேன். வாப்பா மௌத்தான பிறகு, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களின் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து ஒன்லைனில் குர்ஆன் ஓதிக்கொடுத்துத்தான் வீட்டைப் பார்த்தார். கெமரா இல்லை, குரல் மட்டும். பிள்ளை ஸீன் என்ற எழுத்தைச் சொல்கிறதா, ஸாத் என்ற எழுத்தைச் சொல்கிறதா என்று துல்லியமாகக் கேட்டால்தான் திருத்த முடியும். பெரிய வகுப்பு ஒன்று நடத்துகிறவர்கள் அவருக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகவே நல்ல சாமான் தேடி வந்தார்.

உம்மா கையில் எடுத்துப் பார்த்தார். "யா அல்லாஹ், இந்த மொச்சக்கொட்ட அளவு சாமானுக்கா எங்கட மக ரெண்டு பெருநா உடுப்பு எடுக்காம ஈந்தா?"

பெண்களின் காதை நான் தொடுவதில்லை. என் காதில் போட்டுக் காட்டுவேன், அவர்கள் பார்த்துச் செய்துகொள்வார்கள். ஆலிமா ஊசி குத்தி இறுக்கமாகக் கட்டிய பர்தாவை அவிழ்க்காமல், அதற்குள் கையை விட்டு இயர்போனைப் போட்டார். நடு அளவு டிப் வலிக்கிறது என்றார். சின்ன அளவைக் கொடுத்தேன். குர்ஆன் ஓதும் கிராஅத் ஒன்றைப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா, ஓதுறவர் மூச்சு எடுக்கிறதும் கேக்குது."

கண் கலங்கியிருந்தது. இந்தத் தொழிலில் அப்படி ஒரு முகத்தைப் பார்ப்பது பெரிய சந்தோசம்.

அந்த மொடலில் மைக் இல்லை. மைக் உள்ள கேபிளை அதற்கேற்ற மாதிரி வெட்டி இணைக்க வேண்டும். அதை அந்தோனியிடம் கொடுத்தேன். மறுநாள் வேலை முடிந்திருந்தது. உம்மா வந்து வாங்கிப் போனார்.

4. நான் சொன்ன பொய்

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, இருவரும் திரும்ப வந்தார்கள். ஆலிமா பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்.

"நானா, இது அண்டைக்கு நான் கேட்ட சாமான் இல்ல. சத்தம் தகரம் மாதிரி ஈக்கி. புள்ளைக்கு ஒரு எழுத்த பிழையா திருத்திட்டேன். அந்த புள்ளட வாப்பா கேட்டுட்டு இருந்திருக்கார்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இடத்திலேயே அவரை ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் அளவு டிப்பை மாட்டி நானே சரியாகப் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு அந்நியப் பெண்ணின் காதில் இருந்ததை என் காதுக்குள் விட மனம் கூசியது. காது விளிம்பில் வைத்துக் கேட்டேன். விளிம்பில் வைத்தால் உலகத்தின் நல்ல சாமானும் தகரம் மாதிரித்தான் கேட்கும். சீல் இல்லாமல் சத்தத்தைக் கணக்கெடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான்.

அந்த நேரம் பார்த்து அந்தோனியின் மேசையில் அதே மொடல் இன்னொன்று கிடந்தது. யாரோ ரிப்பேருக்குத் தந்த போலி. எங்கள் பாஷையில் கொப்பி. இப்படி ஒரு கொப்பியைத்தான் பெட்டிக்குள் போட்டிருப்பான் என்று என் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டது. அந்தோனியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஹாஜியாரின் மேசைக்குப் போனேன்.

"ஹாஜியார், அந்தோனிட கைக்கு போன பொறகுதான் இது மாறி ஈக்கி. ஒரிஜினல எடுத்துட்டு கொப்பிய போட்டிருக்கான்."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன் ஹாஜியார்."

அந்த "பாத்தேன்" பொய். பொய் என்று அப்போது எனக்கே தெரியவில்லை, அதுதான் கேவலம். மெதுவாகச் சொன்னதாக நினைத்தேன். உம்மாவுக்கும் கேட்டது, சார்ஜர் வாங்க நின்ற இரண்டு பேருக்கும் கேட்டது.

ஹாஜியார் அந்தோனியைக் கூப்பிட்டார். விசயத்தைச் சொன்னதும் அவன் ஹாஜியாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"நானாவா சொன்னாரு? ரியாஸ் நானாவா?"

நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தேன்.

"மாதாவறிய நான் மாத்தல மொதலாளி."

"சரி மகன், விசாரிப்பம். அது வரைக்கும் வீட்ல இருங்க" என்றார் ஹாஜியார்.

அந்தோனி ஈயக்கோலின் சுவிட்சை அணைத்தான். சூடு ஆறும்வரை நின்றான். மாதா படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

5. திரைக்கு அந்தப் பக்கம்

ஆலிமாவின் தவணையில் நாட்கள் குறைந்துகொண்டிருந்தன. அடுத்த வியாழக்கிழமை கொழும்பிலிருந்து முத்திரை உடைக்காத புதுப் பெட்டி வந்ததும், "நீங்களே கொண்டு போய் கொடுங்க" என்று ஹாஜியார் சொன்னார். பெண்கள் மட்டும் உள்ள வீடு என்பதால் ரினோஸாவையும் கூட்டிக்கொண்டு உக்குவளைக்குப் போனேன்.

நான் முன் அறையில் இருந்தேன். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஆலிமாவும் ரினோஸாவும். வீடுதானே, ஆலிமா பர்தா இல்லாமல் இருந்தார். புதுச் சாமானுக்கும் சின்ன டிப்பையே மாட்டிக் கொடுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் ரினோஸாவின் குரல் கேட்டது.

"இதுவும் தகரம் மாதிரிதானாம்!"

பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நானே உடைத்த பெட்டி. அந்தோனியின் கை படாத சாமான்.

என்னிடம் நேரில் சொல்ல ஆலிமா பர்தாவைக் கட்டிக்கொண்டு வந்தார். இயர்போன் காதில்தான் இருந்தது, ஓதுவது ஓடிக்கொண்டிருந்தது. திரையை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நானா! இப்ப கேக்குது! அண்டைக்கு மாதிரியே கேக்குது!"

"எப்ப இருந்து?"

"இப்பதான், பர்தாவ இறுக்கி ஊசி குத்தினேன்..."

உள்ளே போய்க் கழற்றச் சொன்னேன். "இல்லாம போயிட்டு!" திரும்பக் கட்டச் சொன்னேன். "வந்திட்டு!" மூன்று தடவை செய்தோம். மூன்றாம் தடவைதான் எனக்கு விளங்கியது. கடையில் சீலைக் கொடுத்தது டிப் இல்லை, பர்தா. அது இயர்போனை உள்ளே அழுத்திப் பிடித்திருக்கிறது. அதனால்தான் நடு அளவு வலித்திருக்கிறது, சின்ன அளவு போதும் என்று தோன்றியிருக்கிறது. வீட்டில் பர்தா இல்லை, அழுத்தம் இல்லை, சின்ன டிப்பைச் சுற்றிக் காற்றுப் போயிருக்கிறது.

பர்தா இல்லாமல் நடு அளவு டிப்பைப் போடச் சொல்லித் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"காத மேல இழுங்க!"

"யார்ட காத?" என்றாள் ரினோஸா.

"ஒங்கட காத இல்ல, அவட காத! இழுத்துட்டு பின்பக்கமா திருப்புங்க!"

"காதயா?"

"இயர்போன!"

உம்மா அடுப்படியில் சிரிக்கிற சத்தம் கேட்டது. வலது காதுக்கு நடு அளவு சரியாகப் போனது. இடது காதுக்குப் போதவில்லை, ஸ்பொன்ஞ் டிப்பைக் கொடுத்தனுப்பினேன். ரினோஸா பத்து ஸலவாத்தை எனக்கும் கேட்கிற மாதிரி ஓதினாள். பிறகு ஆலிமா மெதுவாக, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

"அந்த பழைய சாமானயும் இப்பிடியே போட்டு பாருங்க" என்றேன். நான் கொப்பி என்று சொன்ன அதே சாமான். கொண்டு வந்திருந்தேன். போட்டார்கள்.

"ரெண்டும் ஒண்டுதான் நானா. ஒரு வித்தியாசமும் இல்ல."

த்ரீவீலரில் திரும்பி வரும்போது ரினோஸா பாதையையே பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தி வந்ததும், "எறங்குங்க. அந்தோனிட தோட்டத்துக்கு போற பாத இதுதானே?" என்றாள்.

6. மூன்றடி

அந்தோனி தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முன்னால் யாருடையதோ ரேடியோவைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான். பழக்கத்தில் எழும்பிவிட்டு, பிறகு உட்கார்ந்தான். அவன் மனைவி ஸ்டெல்லா, ரினோஸாவுக்கு மட்டும் கதிரை போட்டாள். எனக்குப் போடவில்லை. அது சரிதான்.

நடந்ததை எல்லாம் நின்றுகொண்டே சொன்னேன். பர்தா, டிப், விளிம்பில் வைத்துக் கேட்டது, பார்த்தேன் என்று சொன்னது. "மன்னிச்சு ஹலாலாக்கிருங்க அந்தோனி" என்றேன்.

அவன் ஸ்குரூவை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டான்.

"நானா, ஒங்க கவுண்டருக்கும் என் மேசைக்கும் மூணடி. திரும்பி, 'அந்தோனி, நீ மாத்துனியா?'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். இல்லன்னிருப்பேன். பொறவு ரெண்டு பேருமா காத பாத்திருப்போம்."

ஸ்டெல்லாவும் பேசினாள். "ஞாயித்துக்கெழம மகளுக்கு புதுநன்ம, மொத தடவ நற்கருண வாங்கப்போறா. சர்ச்சில மத்த அம்மாமாரு எங்கிட்ட பேச்சு கொடுக்க மாட்டேங்கிறாங்க. வெள்ள உடுப்பு தைக்கிற அக்கா, 'கள்ளன் வீட்டு புள்ளைக்கா?'ன்னு கேட்டிருச்சு. நீங்க இங்க வந்து எங்ககிட்ட சொல்லிட்டு போனா போதுங்களா? எங்களுக்குத்தான் தெரியுமே, இவரு எடுக்கலன்னு."

மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்று அந்தப் பெண்ணின் வாயிலிருந்து கேட்டது மாதிரி பள்ளிவாசலில் எந்த பயானிலும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடையில், ஹாஜியார் முன்னால், வாடிக்கையாளர் நிறைந்திருந்த நேரம் குரலை உயர்த்திச் சொன்னேன். ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டு, "நானும் விசாரிக்காம அனுப்பினேன். அந்த பாவத்தில எனக்கும் பங்கு ஈக்கி" என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் சர்ச் வாசலுக்குப் போய் பாதரிடம் அனுமதி கேட்டேன். "படியில ஏறி நின்னு சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார்.

தொப்பியோடு படியில் நின்ற என்னை எல்லாரும் பார்த்தார்கள். அந்தோனி எதையும் மாற்றவில்லை, பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னது நான்தான் என்று சொன்னேன். முன்னால் நின்ற ஒரு அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"அப்ப அந்த புள்ளயோட காத ஒழுங்கா பாக்காம, எங்க புள்ளய கள்ளன்னு சொன்னீங்களா?"

"ஓமம்மா."

"நல்லா இருக்குங்க ஒங்க வேல!"

இன்னும் சொல்லியிருப்பார். அந்தோனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். "போதும் பெரியம்மா. மகளுக்கு கேக் வெட்டணும். வாங்க நானா."

மண்டபத்தில் எல்லாருக்கும் ஒரு தட்டு. என் முன்னால் மட்டும் வேறு ஒரு பொதி. பிரித்துப் பார்த்தேன். மாத்தளையில் எங்கள் ஆட்களின் பேக்கரி பணிஸ், அதாவது பன்.

"இது எப்ப வாங்கினீங்க?"

"நேத்து. நீங்க வருவீங்கன்னு தெரியும். வந்துட்டு, ஹலாலான்னு தெரியாம பசியோட போவீங்கன்னும் தெரியும்."

அந்தப் பணிஸை ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

7. இப்போது

திங்கட்கிழமை அந்தோனி வேலைக்கு வந்தான். மாதா படத்தைப் பழைய இடத்தில் வைத்தான். ஒரு மாதம் வரைக்கும் பாட்டு முனகவில்லை. பிறகு ஒரு நாள் முனகினான், நான் கேட்காத மாதிரி இருந்தேன். ஆலிமாவுக்கு அந்தப் பெரிய வகுப்பு கிடைத்தது.

கடையில் ஒரு மூலைக்குத் திரை போட்டுக் கண்ணாடி வைத்தோம். சனிக்கிழமைகளில் ரினோஸா வருகிறாள். பெண்களுக்குப் பர்தா இல்லாமலும், பர்தாவோடும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துத்தான் அளவு கொடுக்கிறோம். முறைப்பாடு வந்தால் புது டிப் மாட்டி, காதுக்குள் சரியாக விட்டுக் கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை. ஒரு ஆளைப் பற்றி மனதில் ஏதும் தோன்றினால், அந்த ஆளிடமே முதலில் கேட்கிறேன்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன மாதம் நாலந்தாவில் ஒரு கலியாண வீட்டில் எனக்குத் தெரியாத ஒருவர் இதே கதையை என்னிடமே சொன்னார். மாத்தளையில் ஒரு கடையில் ஒருத்தன் இயர்போனை மாற்றினானாம், அந்தக் கடை நானா பெருந்தன்மையாக மன்னித்து வேலைக்குச் சேர்த்தாராம். "அல்லாஹ் அந்த நானாவுக்கு பரக்கத் செய்யட்டும்" என்று துஆவும் செய்தார். சேர்ந்து சாப்பிட்ட சஹன் தட்டிலிருந்து கையை எடுத்தேன். அந்த இடத்திலேயே அவரைத் திருத்தினேன். ஆனால் அவர் எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்?

அதனால் வாசிக்கும் உங்களிடம் கேட்கிறேன். இதை உங்கள் வீட்டில், கடையில், பஸ்ஸில் யாரிடமாவது சொல்லுங்கள். சொன்னால் எழுதியபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு ஒன்றைக் குறைக்க வேண்டாம், ருசிக்காக ஒன்றைக் கூட்டவும் வேண்டாம். அந்தோனி எதையும் மாற்றவில்லை. மன்னித்தவன் அவன். மன்னிப்புக் கேட்டவன் நான்.